அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து இத்தாக்கா நகரில் புதிய மாணவர்களை வரவேற்கும் தமிழ்க் குழுவினருக்கு

வணக்கம்.

புதிதாக வருவோருக்கு நீங்கள் தரும் குறிப்பில் குக்கருக்கும் குளிர்ச்சட்டைக்கும் முன்னால் வீட்டு ஒப்பந்தத்தை வையுங்கள் என்று கேட்கவே இந்த மடல். பிள்ளைகள் ஊரிலிருந்தபடியே, வீட்டைப் பார்க்காமலே கையெழுத்திடுகிறார்கள். அங்கே விட்ட பிழை ஓராண்டு முழுக்கக் கூடவே வருகிறது.

முதலில் அட்வான்ஸ். சென்னையில் ஆறு மாதம், பத்து மாதம் என்று கொடுத்துப் பழகிய குடும்பங்கள், இங்கே மூன்று மாத வாடகையை முன்கூட்டியே கேட்டாலும் மலைப்பதில்லை. ஆனால் நியூயார்க் மாநிலத்தில் 2019 ஜூன் முதல், டெபாசிட் என்றாலும் முன்பணம் என்றாலும், ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. கடைசி மாத வாடகையையும் சேர்த்துக் கேட்பது செல்லாது. மாணவருக்கு இங்கே கிரெடிட் வரலாறு (கடன் வாங்கித் திருப்பிக் கட்டிய பதிவு) இல்லை என்பது அதற்குக் காரணமாகாது. கிரெடிட், பின்னணிச் சரிபார்ப்புக்கு அதிகபட்சம் 20 டாலர்தான். இவ்வளவையும் தமிழிலேயே எழுதுங்கள், பணம் அனுப்புவது பெற்றோர்.

அடுத்தது கூட்டுப் பொறுப்பு. நால்வர் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு 2,800 டாலர் வீட்டை எடுத்தால், தன் பொறுப்பு 700 மட்டும் என்று ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள். ஒப்பந்தத்தில் ‘ஜாயின்ட் அண்ட் செவரல்’ என்ற சொற்கள் இருந்தால், ஒருவர் ஜனவரியில் கிளம்பிவிட்டாலும் முழு வாடகையையும் மீதி மூவரில் யாரிடம் வேண்டுமானாலும் உரிமையாளர் கேட்கலாம். தனித்தனி ஒப்பந்தம் கிடைக்குமா என்று கேட்கச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால், கிளம்புகிறவரே மாற்று ஆள் தேட வேண்டும், அதுவரை பங்கையும் கட்ட வேண்டும் என்று நால்வரும் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளட்டும். உரிமையாளரை அது கட்டுப்படுத்தாது. தங்களுக்குள் வரும் சண்டைக்கு உதவும்.

வாடகை குறைவு என்று பழைய மரவீட்டை எடுப்பவர்களைக் குளிர்காலக் கரண்ட் பில் உலுக்கிவிடும். ஹீட்டிங் வாடகையில் அடக்கமா, எரிவாயுவா, சுவரோர மின் ஹீட்டரா என்று கேட்க வேண்டும். தனியாகக் கட்டுவதென்றால், கையெழுத்துக்கு முன் கடந்த இரண்டு ஆண்டு ஹீட்டிங் பில்களைக் கேட்டுப் பார்க்க மாநிலச் சட்டத்தில் உரிமை உண்டு. கேட்பவர்கள் மிகக் குறைவு.

சமையலறையைப் பற்றியும் எழுதுங்கள். பல வீடுகளில் அடுப்புக்கு மேலுள்ள விசிறி புகையை வெளியே தள்ளாது, வடிகட்டி உள்ளேயே விடும். தாளித்தால் புகை அலாரம் அலறும். அதைப் பையால் மூடுவதும் பேட்டரியைக் கழற்றுவதும் உயிரோடு விளையாடுவது. ஜன்னலைத் திறந்துவிட்டு, தீயைக் குறைத்து, மூடி போட்டுத் தாளிக்கலாம். அலமாரிக் கதவில் படியும் எண்ணெய்ப் பிசுக்கை வாரம் ஒருமுறை பாத்திரச் சோப்பால் துடைக்காவிட்டால் அது இறுகி, டெபாசிட்டில் பிடித்தமாக வந்து நிற்கும்.

டெபாசிட் திரும்புவதற்குக் குடியேறும் நாளின் படங்கள்தான் சாட்சி: ஒவ்வொரு சுவர், கதவு, அடுப்பின் உட்புறம். அன்றே உரிமையாளருக்கு மின்னஞ்சலில் போய்விட வேண்டும். காலி செய்யும்போது புதிய முகவரியை எழுத்தில் கொடுக்க வேண்டும். 14 நாளுக்குள் பிடித்தங்களின் விவரப் பட்டியலும் மீதிப் பணமும் வராவிட்டால், எதையும் பிடித்துக்கொள்ளும் உரிமையை உரிமையாளர் இழக்கிறார். வழக்கமான தேய்மானத்துக்கு எப்போதுமே பிடிக்க முடியாது. தர மறுத்தால் நகர நீதிமன்றத்தின் சிறு வழக்குப் பிரிவுக்கு வழக்கறிஞர் இல்லாமலே போகலாம்.

சட்ட வரிகளை அனுப்பும் முன், மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் வெளியிடும் வாடகைதாரர் உரிமைக் கையேட்டோடு ஆண்டுதோறும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
வாடகை வீடுகளில் புதியவர்களுக்கு உதவும் நண்பர்கள்