கம்பு மூட்டையும் கரையான் பானையும்

மேடவாக்கம்,
சென்னை

அன்புள்ள செல்வராசு,

நலம். முழங்கால் வலி மட்டும் விடுவதாக இல்லை. உங்கள் ஊர்க் கடலை மிட்டாய் எப்போது வரும் என்று பேரன் நச்சரிக்கிறான்.

பங்குனியில் நீ லாரியில் போட்டுவிட்ட கம்பு மூட்டையைப் பற்றி முழு உண்மையை உன்னிடம் சொல்லவில்லை. கோழிகள் ஆசையாகத் தின்கின்றன என்றேனே, அது பொய்யில்லை. ஆனால் இரண்டே மாதத்தில் ஐந்து பெட்டைகளில் இரண்டு முட்டையிடுவதை நிறுத்திவிட்டன. இன்னொன்று தோல்முட்டை இட்டது. தொட்டால் ஈரத்துணி போல் அமுங்கியது. கத்திரி வெயில்மேல் பழியைப் போட்டேன். வாய் பிளந்து இரைக்கிற கோழிக்கு முட்டை ஓடு மெலிவது உண்டுதான். ஆடி பிறந்தும் அதே கதை என்றானபோதுதான் தப்பு என்னுடையது என்று உறைத்தது.

உன் அம்மா காலையில் ஒரு கை கம்பு இறைப்பார், நினைவிருக்கிறதா? அதை மட்டும் பார்த்துவிட்டு, கோழிக்குக் கம்பே போதும் என்றிருந்துவிட்டேன். மீதிச் சாப்பாட்டை அவை குப்பைமேட்டிலும் தொழுவத்திலும் கிளறித் தேடிக்கொண்டன. என் கொல்லையோ இருபதுக்குப் பதினைந்தடி, அதில் பாதி சிமெண்ட் தரை. எதைக் கிளறும்? முட்டைக் கோழியின் தீவனத்தில் 16 சதவீதமாவது புரதம் வேண்டும். கம்பில் 11 சதவீதத்துக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். ஒரு முட்டையின் ஓட்டுக்கு ஏறக்குறைய 2 கிராம் சுண்ணாம்புச் சத்து போகிறது. நூறு கிராம் கம்பில் அதில் இருபதில் ஒரு பங்குகூடக் கிடையாது.

இப்போது கம்பு மாலையில் மட்டும். காலையில் ஊறவைத்த கடலைப் பிண்ணாக்கைத் தவிட்டோடு பிசைந்து வைக்கிறேன். பூஞ்சை வாடை அடித்தால் தூக்கி எறிந்துவிடுவேன், அது நஞ்சு. முருங்கைக் கீரையைக் கொத்தாகத் தொங்கவிட்டால் எம்பி எம்பிக் கொத்துகின்றன. திருவான்மியூர் கடற்கரையில் பேரன் பொறுக்கிய கிளிஞ்சலைக் கழுவி, இடித்துத் தனிக் கிண்ணத்தில் வைத்திருக்கிறேன். முட்டையிடும் பெட்டை தேவையறிந்து தின்றுகொள்கிறது. மஞ்சள் கரு நன்றாகச் சிவந்துவிட்டது. சத்து கூடிவிட்டதென்று மாடி வீட்டுக்காரர் மெச்சுகிறார். அது கீரை தந்த நிறம் என்று சொல்ல மனம் வரவில்லை.

கரையான் பானையும் வைத்தேன். காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, ஓலைத் துண்டு எல்லாம் திணித்து, நீர் தெளித்து, மாலையில் மண்ணில் கவிழ்த்தால் விடிகாலையில் கரையான் அப்பியிருக்கும். கொட்டினால் ஐந்தும் சண்டை போட்டுக்கொண்டு தின்னும். மீனாட்சிதான், "ஊரார் காசு கொடுத்துக் கரையானை ஒழிக்கிறார்கள், நீங்கள் வளர்க்கிறீர்கள்" என்று தினமும் ஓர் அர்ச்சனை.

ஐப்பசி மழைக்கு முன் பெரிய மூட்டை அனுப்பிவிடாதே. இந்த ஈரக்காற்றில் வண்டு விழும். பத்து கிலோ போதும். நீ வரும்போது பழைய மண்பானை ஒன்றையும் எடுத்து வா. இருந்ததைப் போன வாரம் கால் தடுக்கி உடைத்துவிட்டேன். மீனாட்சி அதைப் பிள்ளையார் செயல் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
கதிரேசன்