கட்டாயமில்லாத கேள்வி

செவ்வாய்ப்பேட்டை, சேலம்

அன்புத் தோழிக்கு,

போன ஞாயிறு ஏற்காடு போய் வந்தோம். 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டுவதற்குள் வழக்கம்போல் எனக்கு வயிற்றைப் புரட்டிவிட்டது. மேலே காப்பிப் பழம் பறிக்கிறார்கள். பனியில் ஏரியே தெரியவில்லை. அந்தக் கரையில் உட்கார்ந்துதான், உன் மகள் பாப்பா எம்.பி.ஏ. விண்ணப்பத்தின் கட்டாயமில்லாத கேள்விக்கு எழுதியதைப் போனில் படித்தேன்.

கோபித்துக்கொள்ளாதே. ஆத்தூரில் அம்மாச்சியின் குச்சிக்கிழங்குக் காடு, சேகோ ஆலை லாரிக்காகக் கண்விழித்த ராத்திரி, எல்லாம் அருமை. ஆனால் அதைப் போட்டிருக்கும் இடம்தான் தப்பு. “வேறு ஏதேனும் தெரிவிக்க விரும்பினால்” என்று கேட்டுவிட்டால், காலியாக விடக்கூடாது என்று நம் பிள்ளைகளுக்கு ஒரு பயம். பரீட்சையில் அடிஷனல் ஷீட் வாங்கி வாங்கி எழுதி வளர்ந்தவர்கள் அல்லவா!

அமெரிக்காவின் வார்ட்டன் மாதிரி எம்.பி.ஏ. கல்லூரிகள் அந்த இடம் எதற்கு என்று கேள்வியிலேயே சொல்லியிருக்கின்றன: வேலையில் விட்டுப்போன மாதங்கள், பரிந்துரைக் கடிதத்துக்கு ஆளைத் தேர்ந்தெடுத்த காரணம், மதிப்பெண் சறுக்கல். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்குப் போடுகிறவர்களும் இதற்கென்று சின்னதாக ஒரு தனித்தாள் இணைப்பார்கள்.

எங்கள் பெரியவன் முதல் வருஷம் விண்ணப்பம் போட்டபோது அந்த இடத்தில் சேர்வராயன் கோயில் திருவிழாவை எழுதி நிரப்பினான். ஐந்தாவது செமஸ்டரின் 2 அரியர் பற்றி மூச்சு விடவில்லை. எங்கும் கிடைக்கவில்லை, அதனால்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். மறு வருஷம் நாலே வரி. “அப்போது அப்பாவுக்கு பைபாஸ் நடந்தது. 3 மாதம் கொலுசுப் பட்டறையை நான் பார்த்துக்கொண்டேன். 2 தாளில் தோற்றேன். அடுத்த பருவத்தில் எழுதித் தேறினேன்.” நேர்காணலில் முதல் கேள்வியே பட்டறையைப் பற்றித்தானாம். வெள்ளி விலை ஏறினால் கூலிக்காரர்களுக்கு என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறார்கள். அதற்கு அவன் அரை மணி நேரம் பேசுவான், உனக்குத்தான் தெரியுமே.

சரி, பாப்பா விஷயத்துக்கு வருகிறேன். அவள் படிவத்தில் 7 மாதம் வேலையே இல்லை. ஆள்குறைப்பில் போன வேலை; நீ சொந்தக்காரர்களிடம் “வீட்டிலிருந்தே பார்க்கிறாள்” என்று சமாளித்தாய். படிவத்தைப் படிக்கிறவர்களிடம் அது நடக்காது. தேதிகளைப் பார்த்ததும் கேள்வி வரும். ஆள்குறைப்பு நடந்த மாதம், அந்த நாட்களில் படித்த கோர்ஸ், புது வேலை கிடைத்த மாதம், அவ்வளவு போதும். இன்னொரு வரி, பரிந்துரை ஏன் இப்போதைய மேனேஜரிடம் வாங்கவில்லை என்று. ஆபீஸில் இன்னும் சொல்லவில்லை என்பதே காரணமாக இருந்தால் அதையே எழுதலாம். எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வான ஜீமேட் அன்று தலைவலி என்பதை மட்டும் அடித்துவிடச் சொல். இன்னொரு தடவை எழுதியிருக்கலாமே என்றுதான் தோன்றும்.

அம்மாச்சியை வீணாக்க வேண்டாம். முதன்மைக் கட்டுரை முழுக்க ஆபீஸ் புராணமாக இருக்கிறது, படிக்கும்போது எனக்குக் கொட்டாவி வந்தது. கிழங்குக் காட்டை அங்கே கொண்டுபோகட்டும். அப்புறம், இந்தத் திருத்தத்தை என் பேரைச் சொல்லிச் சொல்லாதே, நீயே சொன்ன மாதிரி சொல். அத்தை தலையிடுகிறாள் என்று நினைப்பாள்.

ஜனவரிக் கெடுவுக்கு முன்னால் ஒரு முறை அனுப்பு, பார்க்கிறேன். ஏற்காட்டில் காப்பிக்கொட்டை ஒரு கிலோ வாங்கினேன். இன்னும் வறுக்கவில்லை, பொங்கலுக்கு நீ வருவாய் என்று.

உன் பழைய பெஞ்சுக்காரி