இரண்டடி நடந்து காட்டுங்கள், மாஸ்டர்

சீனத் தற்காப்புக் கலை கற்பிக்கும் மாஸ்டர்களுக்கு,

வணக்கம். புதிதாகச் சேர வருகிறவர்களுக்கு நீங்கள் காட்டும் அந்த வித்தையில்தான் நானும் விழுந்தேன். மாஸ்டர் முன்கையை நீட்டி நிற்பார், நான்கு பேர் வரிசைகட்டித் தள்ளுவோம், ஆள் அசையமாட்டார். நானும் அப்படி ஆகவேண்டும் என்று வருடக்கணக்கில் மரம்போல் நின்று பழகினேன். ஒருநாள் கூடப் பயில்கிற பையன் தள்ளுவதை விட்டுவிட்டுச் சட்டென்று பக்கவாட்டில் இழுத்தான். ஈடுகொடுக்க ஓர் அடி எடுத்தேன். அவ்வளவுதான். தோள் காதுவரை ஏறியது, இடுப்பு பின்தங்கியது, நின்று சேர்த்த பலம் போன இடம் தெரியவில்லை. மாஸ்டரிடம் கேட்டேன். "இன்னும் கொஞ்ச நாள் நில்" என்றார்.

நிற்பதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அடி எடுக்கும்போது ஒற்றைக் காலில்தான் இருக்கிறோம். இரு கால் வழியாகத் தரைக்கு இறங்கிய விசைக்கு அப்போது ஒரே வழிதான். அதைத் தனியாகப் பழக்க வேண்டாமா?

முன்னோர்கள் பழக்கினார்கள். சிங் யி என்ற கலையின் பெங் சுவான் குத்தில் முன்கால் பாயும், பின்கால் இழுபட்டு வந்து சேரும். கையும் காலும் ஒன்றாகச் சேரவேண்டும். கை பிந்தினால் உடல் எடை குத்தில் ஏறாது. சிங் யி மாஸ்டர் குவோ யுன்ஷென் இந்த அரையடிக் குத்தாலேயே பேர் வாங்கினார் என்ற கதையைச் சலிக்காமல் சொல்கிறீர்கள். அரையடியைத்தான் சொல்லித்தருவதில்லை.

அவர் மரபில் வந்து யி சுவான் என்ற கலையை உருவாக்கிய வாங் சியாங்சாயைக் காட்டித்தான் "நில்" என்கிறீர்கள். அவர் நிற்பதோடு விட்டாரா? மெல்ல அசைந்து விசையைச் சோதிக்கும் ஷி லி இருக்கிறது. மோ சா பு என்ற நடைப் பயிற்சி இருக்கிறது: பாதம் தரையை உரசுவதுபோல் வந்து, மறுகணுக்காலை ஒட்டி வளைந்து வெளியே போகும். நடுவழியில் யார் நிறுத்தினாலும் சாயாத அளவுக்கு மெதுவாக நடக்கவேண்டும். நிற்பதைவிட இதில்தான் எனக்கு அதிகம் வியர்த்தது.

விங் சுன் மாஸ்டர்களே, உங்கள் முதல் பயிற்சித் தொடரான சியு நிம் தாவில் கால் நகராது. அதனால்தான் அடுத்து, அடி எடுத்துவைக்கும் சம் கியூ வருகிறது. பா குவா மாஸ்டர்களுக்கு இந்த மடல் தேவையில்லை, நீங்கள் முதல் நாளே வட்டத்தில் நடக்கவிடுகிறீர்கள்.

வகுப்பில் பத்து நிமிடம் கொடுங்கள். ஒருவர் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து ஒரே சீராக அழுத்தட்டும். மற்றவர் மெதுவாக முன்னே நடக்கட்டும். தோள் ஏறினால் நிறுத்தி மறுபடி தொடங்கட்டும். பிறகு சொல்லாமல் கையை எடுத்துவிடச் சொல்லுங்கள். முன்னால் சரிகிறவன் அதுவரை சாய்ந்துதான் தள்ளியிருக்கிறான், அவன் உடல் ஒரே கட்டாகச் சேர்ந்திருக்கவில்லை. நின்றபடி மட்டும் பழகினால், நடக்கும்போது இப்படிச் சாய்வது தெரியவராது.

அடுத்தமுறை முன்கையை நீட்டும்போது, தள்ளுகிறவர்களை நோக்கி இரண்டடி நடந்து காட்டுங்கள். நீங்களே தடுமாறினாலும் பரவாயில்லை. எந்த இடத்தில் தடுமாறினீர்கள் என்று பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இடதுகால் எடுத்துவைத்தால் இன்னும் தோள் ஏறுகிற ஒரு மாணவன்