குளிரில் இறுகும் குதிப்பகுதியும் உங்கள் பட்டறை பூசிய கிரீஸும்: கடைசி முறைப்பாடு

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்கள், ட்ரொம்சோ கிளை

விடயம்: வருடாந்தப் பராமரிப்புக்குப் பின் −20 பாகையில் சுழலாமல் போன ஊசி பைண்டிங்

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

இந்தக் கடிதத்தின் நோர்வேஜியப் படி, பற்றுச்சீட்டும் படங்களும் சேர்த்து, உங்கள் மின்னஞ்சலுக்கு வந்திருக்கும். இந்தத் தமிழ்ப் படி, நோர்வேயின் வடக்கே மலையேறிச் சறுக்கும் நம்மவர்கள் வாசிப்பதற்கு. இதில் உங்கள் நிறுவனத்தின் பெயரை எடுத்துவிட்டேன். பதில் ஒழுங்காக வந்தால் அது அப்படியே இருக்கும்.

முறைப்பாடு மிகச் சின்னது. உங்கள் பட்டறையில் பராமரிப்புக்குக் கொடுத்து வாங்கிய பைண்டிங்கின், அதாவது சப்பாத்தை ஸ்கீயோடு பூட்டும் கருவியின், குதிப்பகுதி வீட்டுக்குள் சுழல்கிறது, குளிரில் சுழலவில்லை. −20 பாகைக்குக் கீழே போனதும் அதன் சுழலும் தலை இறுகிவிடுகிறது. இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் தொலைபேசியில் வருகிறார், எல்லாவற்றையும் முதலில் இருந்து கேட்கிறார், கடைசியில் அதே வரியை வாசிக்கிறார்: "பட்டறையில் சோதித்துவிட்டோம், குறை எதுவும் இல்லை."

எங்கே வைத்துச் சோதித்தீர்கள்? கடைக்குள், +20 பாகையில். அந்த வெப்பத்தில் எந்தக் கிரீஸும் இளகித்தான் இருக்கும். குறை குளிரில்தான் வருகிறது என்று முறைப்பாட்டுப் படிவத்தின் முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன். ஓர் இரவு ஸ்கீயைக் கடைக்கு வெளியே வைத்துவிட்டுக் காலையில் கையால் ஒருமுறை திருப்பிப் பார்த்திருந்தால் போதும். ட்ரொம்சோவில் அந்தளவு குளிர் இல்லை என்றால் ஓர் ஆழ்குளிர்ப்பெட்டிக்குள் வைத்திருக்கலாம். வீட்டுப் பெட்டிகூடக் கிட்டத்தட்ட அந்தக் குளிருக்குப் போகும். இதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை.

நீங்கள் விற்கிற பொருளைப் பற்றி உங்களுக்கே சொல்லவேண்டி இருப்பது வருத்தம். ஆஸ்திரியரான ஃபிரிட்ஸ் பார்த்தெல் 1980களில் உருவாக்கிய ஊசி முறைதான் இதற்கும் அடிப்படை. முன்னால் இரண்டு ஊசிகள் சப்பாத்தின் நுனியில் உள்ள குழிகளைப் பிடிக்கின்றன. பின்னால் இரண்டு ஊசிகள் சுழலும் ஒரு தலையில் இருந்து நீண்டு குதியைப் பிடிக்கின்றன. இந்த வகையில் விழும்போது கால் பக்கவாட்டில் விடுபடுவது பின்னால் உள்ள அந்தத் தலை திரும்புவதால்தான். தலை ஒரு தண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது, இடையில் ஒரு பிளாஸ்டிக் வளையம், பக்கத்தில் அதை நடுநிலைக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும் ஸ்பிரிங். பைண்டிங்கின் விடுபடு அளவுகோலில் 7 என்று வைத்தால் அந்த 7 ஸ்பிரிங்கின் பலத்தைத்தான் சொல்கிறது. தண்டுக்கும் வளையத்துக்கும் இடையில் கிரீஸ் உறைந்து இறுகினால், அந்த இறுக்கமும் சேர்ந்துதான் காலை எதிர்க்கும். அளவுகோல் 7 என்று காட்டிக்கொண்டிருக்கும், முழங்கால் எவ்வளவு தாங்கவேண்டும் என்பது யாருக்கும் தெரியாது. மலையேற்றப் பைண்டிங்குகளின் பாதுகாப்புக்கென ஐஎஸ்ஓ 13992 என்று தனியாக ஒரு தரநிலையே இருக்கிறது. உங்கள் ஊழியர்கள் இதை "கொஞ்சம் டைட்" என்று எழுதி மூடிவிட்டார்கள்.

தொலைபேசியில் பேசிய உங்கள் ஊழியர் ஒருவரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்றால் பொறுமை இருக்காது. குரலில் இளையவர், பெயர் சொல்ல மறுத்தவர். "அவ்வளவு குளிரில் ஏன் போகிறீர்கள்?" என்று கேட்டார். பனிச்சறுக்குச் சாமான் விற்கும் கடையில் இருந்து, அதுவும் வட நோர்வேயில் இருந்து, இப்படி ஒரு கேள்வி! 1886 சனவரி 1 அன்று −51.4 பாகை பதிவான காரஸ்யொக் இதே வட பகுதியில்தான் இருக்கிறது. தெளிவான இரவுகளில் குளிர்காற்று கீழே இறங்கிப் பள்ளத்தாக்கில் தேங்கும், மலையேற்றம் தொடங்கும் இடமே அன்றைய நாளின் மிகக் குளிரான இடமாக இருக்கும். இது இங்கே பாடசாலைப் பிள்ளைக்கும் தெரியும். அதோடு விட்டாரா? "துருப்பிடித்த பூட்டுக்கு அடிக்கிற ஸ்பிரே இருக்குமே, அதை உள்ளே அடியுங்கள், சரியாகிவிடும்" என்றார். தயவுசெய்து கவனியுங்கள், இது உங்கள் நிறுவனத்தின் வாயால் வந்த ஆலோசனை. அந்த ஸ்பிரேயில் பெரும்பகுதி கரைப்பான். அது உள்ளே இருக்கும் நல்ல கிரீஸைக் கரைத்து வெளியே கொண்டுவந்துவிடும். ஒரு நாள் இலகுவாகச் சுழலும், பிறகு கரைப்பான் ஆவியாகி, தண்டும் வளையமும் வறண்டு உரசும். வறண்ட இடத்துக்குள் பனி உருகிய நீர் புகும், இரவில் உறையும். கேட்டவர் விவரம் தெரியாதவராக இருந்திருந்தால் அன்றைக்கே பைண்டிங் போயிருக்கும், காலும் போயிருக்கும்.

உங்கள் பட்டறை செய்த வேலையை இங்கே அல்த்தாவில் இன்னொரு பட்டறைக்காரர் என் முன்னால் திறந்து பார்த்தார். அவருடைய எழுத்து மூல அறிக்கை இணைப்பில் உள்ளது. குதிப்பகுதியின் மேல்மூடியைக் கழற்றித் தலையைத் தூக்கியதும் தண்டைச் சுற்றி மஞ்சள்பழுப்பு நிறத்தில் கிரீஸ் அடைந்து கிடந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது, மார்கழியில் போத்தலுக்குள் உறைந்த தேங்காய் எண்ணெய் மாதிரி. அதன் அடியில், வளையத்தின் உட்புறத்தில், பழைய வெள்ளைக் கிரீஸ் துடைக்கப்படாமல் அப்படியே இருந்தது. இரண்டும் கலந்த விளிம்பில் எண்ணெய் தனியாகவும் சாம்பல் நிறக் கட்டி தனியாகவும் பிரிந்திருந்தன. எல்லாக் கிரீஸும் ஒன்றோடொன்று சேராது. லித்தியம் சோப்பு வகையும் களிமண் வகையும் கலந்தால் இப்படித்தான் பிரியும். பழையதை முழுக்க எடுக்காமல் புதியதைப் பூசியவருக்கு இது தெரியவில்லை, அல்லது நேரமில்லை.

எதைப் பூசியிருக்கவேண்டும்? கனிய எண்ணெயில் செய்த சாதாரண கிரீஸில் மெழுகு இருக்கும். குளிர்ந்ததும் அது படிகமாகி எண்ணெயை ஓடவிடாமல் நிறுத்திவிடும். செயற்கை எண்ணெயில் செய்தது, −40 பாகை வரை என்று உறையில் எழுதியிருப்பது, அதைத்தான் பூசவேண்டும். சைக்கிள் கடையில்கூடக் கிடைக்கும். அளவும் முக்கியம். தண்டுக்கு ஒரு பட்டாணி அளவுக்கு மேல் தேவையில்லை, ஸ்பிரிங் தள்ளும் முனைக்கு விரல் நுனியால் ஒரு மெல்லிய பூச்சு. கூடினால் மிச்சம் வெளியே பிதுங்கி, வாகனப் பெட்டியில் இருக்கும் மணலையும் தூசியையும் பிடித்துக்கொண்டு அரைக்கும். முதலில் ஸ்பிரிங்கின் அழுத்த அளவைக் குறித்துக்கொண்டு தளர்த்தவேண்டும், இடது வலதுப் பாகங்களைத் தனித்தனித் தட்டில் வைக்கவேண்டும், பழைய கிரீஸை நூல் உதிராத துணியில் ஐசோபுரோப்பில் அல்ககோல் தொட்டுத் துடைக்கவேண்டும். பெற்றோலும் பிரேக் கிளீனரும் அந்தப் பிளாஸ்டிக்குக்கு ஆகாது. பூசி முடித்ததும் தலையைக் கையால் இரு பக்கமும் பலமுறை திருப்பிப் பரப்பி, வெளியே பிதுங்கியதைத் துடைத்து, அழுத்தத்தைப் பழைய எண்ணுக்கே கொண்டுவந்து, கருவியில் வைத்து விடுபடு விசையை அளந்து எழுதிக் கொடுக்கவேண்டும். நீங்கள் தந்த தாளில் "கிரீஸ்: சரி" என்று ஒரு கோடு மட்டும் இருக்கிறது. அளவீட்டுப் பெட்டிகள் எல்லாம் வெறுமை. காசு மட்டும் முழுதாக எடுத்தீர்கள்.

குறையைக் காண்பது எவ்வளவு இலகு என்பதற்கு ஒன்று சொல்கிறேன். நல்ல நிலையில் உள்ள தலையைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிக் கையை எடுத்தால் ஸ்பிரிங் அதை உடனே நடுவுக்கு இழுத்துவிடும், "டக்" என்று சத்தம் கேட்கும். என் பைண்டிங் வீட்டுக்குள் அப்படித்தான் திரும்புகிறது. இரவு வெளியே கிடந்தபின் திருப்பினால் திருப்பிய இடத்திலேயே நிற்கிறது. பிறகு மெல்ல, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் நகர்கிறது. காணொளி அனுப்பியிருக்கிறேன். உங்கள் ஆட்கள் அதைத் திறந்தே பார்க்கவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் வந்த பதில் முன்பகுதியைப் பற்றியது!

"சிறகுகளுக்கு அடியில் பனிக்கட்டி சேர்ந்தது வாடிக்கையாளரின் கவனக்குறைவு" என்று எழுதியிருக்கிறீர்கள். மன்னிக்கவேண்டும், அது வேறு விடயம், அதைப் பற்றி நான் முறையிடவே இல்லை. முன்பகுதியின் ஸ்பிரிங்குகளுக்கு அடியில் பனி அமுங்கிக் கட்டியானால் ஊசிகளைத் தாங்கும் சிறகுகள் முழுதாக மூடாது, ஊசிகள் குழிக்குள் அரைகுறையாக நிற்கும், சப்பாத்து எதிர்பாராமல் கழன்றுவிடும். அதனால்தான் மாட்டுவதற்கு முன் அடியில் உள்ள கட்டியைத் தடியின் நுனியாலோ சுரண்டியாலோ எடுக்கிறோம், சப்பாத்தின் குழிகளைக் குத்தித் துப்புரவாக்குகிறோம், மாட்டியபின் லீவரைப் பூட்டாமல் குதியைப் பல தடவை மேலும் கீழும் ஆட்டுகிறோம், குழிக்குள் மிச்சம் இருக்கும் பனியை ஊசியே அரைத்து வெளியேற்றட்டும் என்று. சூடான காருக்குள் இருந்து எடுத்த ஸ்கீயை உடனே பனியில் வைப்பதும் இல்லை. சூட்டு உலோகத்தில் பனி உருகி, அடுத்த நிமிடமே உறையும். இதெல்லாம் பாவிப்பவரின் வேலை, ஒழுங்காகச் செய்யப்படுகிறது. குதிப்பகுதிக்குள் எந்தக் கிரீஸ் இருக்கிறது என்பது பட்டறையின் வேலை. ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்காதீர்கள்.

உங்கள் பேச்சை நம்பி அல்த்தாவில் இருந்து ட்ரொம்சோவுக்கு வந்த அந்த நாளை எந்தக் கணக்கில் எழுதுவது? "இன்று தொழில்நுட்பவியலாளர் இருப்பார், கையோடு செய்து தருவார்" என்று சொன்னது நீங்கள். ஓல்டர்டாலனில் ஒரு படகு, ஸ்வென்ஸ்பியில் இன்னொரு படகு, இரண்டுக்கும் காத்திருப்பு, இடையில் காற்றடித்த பனிவீதி. வந்து சேர்ந்தால் கவுண்டரில், "அவர் இன்று லீவு, வைத்துவிட்டுப் போங்கள்" என்கிறார்கள். முன்கூட்டியே அழைத்துச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. கதிரையைக் காட்டி "இருங்கள்" என்று சொல்லக்கூட ஆள் இல்லை. வைத்துவிட்டுப் போன ஸ்கீ கிழமைகள் கழித்து, உள்ளே கை வைக்கப்படாமல், அதே பழைய கிரீஸோடு திரும்பி வந்தது. லியுங்கன் மலைகளில் பனி நன்றாக இருந்த பருவம் முழுவதும் எனக்கு இல்லாமல் போய்விட்டது. போன பருவத்தை உங்களால் திருப்பித் தரமுடியுமா?

உடைந்த உயர்த்திக்கும் நீங்கள்தான் பொறுப்பு. ஏறும்போது குதியை உயர்த்தி வைக்கும் அந்தப் பிளாஸ்டிக் துண்டைத் தடியின் பிடியால் திருப்பும்படி உங்கள் கையேடே படம் போட்டுக் காட்டுகிறது. இறுகிய தலையில் அப்படித் திருப்பியபோதுதான் விளிம்பு வெடித்தது. "முறைகேடான பாவனை" என்று எழுதியவர் கையேட்டைத் திறந்து பார்க்கட்டும்.

"தயாரிப்பாளரிடம் கேளுங்கள்" என்ற பதிலையும் இனி ஏற்கமாட்டேன். நோர்வேயின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் கொள்வனவுச் சட்டப்படி வாங்கியவர் பேசவேண்டியது விற்றவரிடம். நீண்டகாலம் பாவிக்கும் பொருளுக்கு ஐந்து வருடம் வரை முறையிடலாம். திருத்தம் இலவசமாக இருக்கவேண்டும், ஒரே குறையைத் திருத்த வழமையாக இரண்டு வாய்ப்புக்கு மேல் விற்பவர் கேட்கமுடியாது. பராமரிப்பு வேலையைப் பொறுத்தவரை அதைச் செய்ததும் நீங்கள், காசு வாங்கியதும் நீங்கள்.

உங்களோடு சண்டை பிடிக்க எனக்கு விருப்பம் இல்லை. ஸ்கீயையும், ஏறும்போது அதன் அடியில் ஒட்டும் ஸ்கின்னையும் உங்களிடம்தான் வாங்கினேன், சப்பாத்தை வார்த்துத் தந்த உங்கள் பெண் ஊழியர் அருமையாக வேலை செய்தார், அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். ஆகவே பணிவாகக் கேட்கிறேன்: இரண்டு குதிப்பகுதிகளையும் புதிதாக மாற்றித் தாருங்கள். கிரீஸ் கலந்து, வளையம் கீறுபட்டபின் துடைத்துப் பூசித் தருவதை ஏற்கமாட்டேன். புதியதைப் பூட்டும்போது குதிப்பகுதிக்கும் சப்பாத்துக்கும் இடைப்பட்ட இடைவெளியை அந்த மாடலுக்கு உரியபடி வையுங்கள். சிலவற்றுக்கு 4 மி.மீ., சிலவற்றுக்கு 5.5 மி.மீ., சிலவற்றுக்கு இடைவெளியே இல்லை, கண்மதிப்பில் வைக்காதீர்கள். விடுபடு விசையை அளந்த தாளைத் தாருங்கள். பராமரிப்புக் கட்டணம், படகுக் கட்டணம், எரிபொருள், இன்னொரு பட்டறைக்குக் கொடுத்த காசு ஆகியவற்றைத் திருப்பித் தாருங்கள். ஸ்பிரே அடிக்கச் சொன்னவரைத் தொலைபேசியில் இருந்து எடுங்கள், அல்லது முதலில் பட்டறையில் ஒரு மாதம் நிற்க விடுங்கள். அவர் பேச்சைக் கேட்டு இன்னும் எத்தனை பேர் உள்ளே ஸ்பிரே அடித்துவிட்டு மலையில் நிற்கிறார்களோ!

இந்தக் கடிதம் கிடைத்து பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். தொலைபேசி வேண்டாம். வராவிட்டால் கோப்பு முழுவதும் நுகர்வோர் மேற்பார்வை அமைப்பின் மத்தியஸ்தத்துக்குப் போகும், அங்கும் தீராவிட்டால் நுகர்வோர் முறைப்பாட்டுக் குழுவுக்குப் போகும். அல்த்தா பட்டறைக்காரர் வந்து சாட்சி சொல்லச் சம்மதித்திருக்கிறார். கழற்றிய வளையத்தையும் அதில் ஒட்டியிருக்கும் கிரீஸையும் மூடிய பையில் வைத்திருக்கிறேன். நீங்கள் அனுப்பும் எவரும் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர், அல்த்தா
(பெயரும் கட்டளை இலக்கமும் நோர்வேஜியப் படியில்)