அக்கா பி.ஏ. முடித்தால் தம்பிக்குச் சலுகை இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பொறியியல் கலந்தாய்வு நெருங்கினாலே இ-சேவை மையங்களில் முதல் பட்டதாரி சான்றிதழுக்குக் கூட்டம் கூடிவிடுகிறது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்கப்போகிறவர் என்பதற்கான சான்று அது. அதை வைத்து, ஒற்றைச்சாளர முறையில் (அரசுக் கலந்தாய்வு வழியாக) தொழிற்கல்வி இடம் பெறுபவரின் கற்பிப்புக் கட்டணத்தை அரசே ஏற்கும் இச்சலுகை 2010-11இல் வந்தது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இப்போது 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அந்த ஒதுக்கீடு கிடைக்காத, அரசு உதவி பெறும் பள்ளியிலோ சிறு மெட்ரிக் பள்ளியிலோ படித்த ஏழைப் பிள்ளைகள் பலருக்கு இந்தச் சான்றிதழ்தான் பிடிமானம்.

சிக்கல் விதியில் இருக்கிறது. பெற்றோர், இருவழித் தாத்தா பாட்டி, உடன்பிறந்தோர் என யாரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது. மூத்த பெண்ணைப் பக்கத்து அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. சேர்க்கிறார்கள். சலுகை எதையும் அவள் தொடவே இல்லை. ஆனாலும் அவள் பட்டம் வாங்கியதும் பொறியியல் சேர விரும்பும் தம்பிக்கு வழி அடைபடுகிறது. அப்பா அதே கொத்தனார், வீட்டு வருமானமும் அதேதான். அக்காவின் பட்டம் இன்னும் வேலையாக மாறவில்லை. குடும்பம் முன்னேறிவிட்டதாக மட்டும் அரசு கணக்கெழுதிவிடுகிறது! பெற்றோர், தாத்தா பாட்டியோடு இந்த விதியை நிறுத்தலாம். உடன்பிறந்தவர் ஏற்கெனவே இதே சலுகையைப் பெற்றிருந்தால் மட்டும் மறுக்கலாம்.

தகுதி உள்ளவர்களும் தாள்களில் தடுமாறுகிறார்கள். ரேஷன் அட்டையில் ஒரு பெயர், மாற்றுச் சான்றிதழில் வேறு இனிஷியல், ஆதாரில் மூன்றாவது எழுத்துக்கூட்டல் என்றால் வி.ஏ.ஓ. அறிக்கையிலேயே மனு நின்றுவிடும். பிளஸ் டூ தேர்வுக்கு முன்பே ஆதாரைத் திருத்தி, அதே எழுத்தில் கேன் எண்ணை (இ-சேவையில் விண்ணப்பிக்கத் தேவையான பதிவு எண்) பதிவது நல்லது. குடும்பத்தார் ஒவ்வொருவரின் மாற்றுச் சான்றிதழோ படிப்புச் சான்றோ வேண்டும். பள்ளிக்கே போகாத பாட்டிக்கு எந்தத் தாளைக் காட்டுவது என்று அங்கேயே பலர் விழிக்கிறார்கள். சுய உறுதிமொழியில் அவர் படிக்காதவர் என்பதைத் தெளிவாக எழுதிவிட வேண்டும். மனு வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) கடந்து துணை வட்டாட்சியரிடம் போய்ச் சேர நாளாகும். தரவரிசைப் பட்டியல் வந்தபிறகு ஓடிப் பயனில்லை.

சான்றிதழ் கைக்கு வந்தாலும், மாணவரும் பெற்றோரும் கையெழுத்திட்ட கூட்டு உறுதிமொழியைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பலர் விடுவது இதைத்தான். விடுதி, பேருந்து, தேர்வுக் கட்டணங்கள் இச்சலுகையில் வராது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் சான்றிதழுக்கு வேலையே இல்லை.

இப்படிக்கு,
வாசகர், விழுப்புரம்