அம்மாவின் முழங்காலுக்கு ஒரு பயணத் திட்டம்

அன்புள்ள மாப்ளே,

நலம். நலமறிய ஆவல். உன் கடிதம் வந்து சேர்ந்தது. நாலு பக்கம் கையால் எழுதி, அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிற பழக்கத்தை நீ விட்டுவிடாதே. அந்தக் கையெழுத்தைப் பார்த்தாலே எனக்குச் சிதம்பரம் ஹாஸ்டல் ஞாபகம் வந்துவிடுகிறது. சின்னவள் சி.ஏ. முடித்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். எத்தனை வருஷ உழைப்பு! அவளுக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல்.

இங்கேயும் நல்ல சேதிதான். வீட்டுக்காரி போன மாதம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். காலையில் எழுந்து அவசரம் இல்லாமல் காபி குடிப்பதை இப்போதுதான் இரண்டு பேரும் கற்றுக்கொண்டிருக்கிறோம். நீயும் அம்மாவும் சிங்கப்பூருக்கு வருகிறீர்கள் என்றதிலிருந்து அவளுக்கு வேறு பேச்சே இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஃபேரர் பார்க்கில் ஹோட்டல் போட்டது மிகச் சரி. பெருமாள் கோயிலுக்கு அம்மா நடந்தே போய்விடலாம். அங்கிருந்து பொங்கோலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருவதற்கு மேப்பைப் பார்த்து நீ போட்டிருக்கும் திட்டத்தையும் படித்தேன். ரயில் ஏறினால் ஒன்பதாவது ஸ்டேஷன், மாறவே வேண்டாம், அரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். எல்லாம் சரிதான். ஆனால் அந்த மேப்புக்கு அம்மாவின் முழங்கால் தெரியாது. ரயில் பூமிக்கடியில் ஓடுகிறது. இறங்க வேண்டும், நடக்க வேண்டும், ஏற வேண்டும். லிஃப்ட் எல்லா ஸ்டேஷனிலும் உண்டு, ஆனால் எல்லா வாசலிலும் இருக்காது. தவறான வாசல் வழியாக நுழைந்தால் அதைத் தேடியே கால் ஓய்ந்துவிடும். அதோடு, அம்மா முதன்முதலாக ஊர் பார்க்க வருகிறார்கள். சுரங்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு வருவதற்கா விமானம் ஏறி வர வேண்டும்?

என் மாமியாரை அழைத்துக்கொண்டு இந்த ஊர் முழுக்கச் சுற்றியதில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: வயதானவர்களோடு போகும்போது நிமிஷத்தைக் கணக்குப் பண்ணக் கூடாது. எங்கே உட்காரலாம், எங்கே டாய்லெட் இருக்கிறது, எத்தனை தடவை ஏறி இறங்க வேண்டும், இந்த மூன்றையும்தான் முதலில் பார்க்க வேண்டும். நேரம் இருபது நிமிஷம் கூடினால் கூடட்டும்.

அதனால் வரும்போது பாதி வழி பஸ், திரும்பும்போது ரயில். இப்படிச் செய்.

காலை பத்து மணிக்கு மேல் கிளம்பு. அதற்கு முன்னால் வேலைக்குப் போகிற கூட்டம் இருக்கும். சிராங்கூன் சாலையில், பெருமாள் கோயில் பக்கம் இருக்கும் ஸ்டாப்பில் நின்றுகொள். கம்பத்தில் அங்கே நிற்கும் பஸ் எண்கள் எல்லாம் எழுதியிருக்கும், கூடவே ஸ்டாப்புக்கென்று ஐந்து இலக்க எண் ஒன்றும் இருக்கும். மைட்ரான்ஸ்போர்ட் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்த பஸ் எத்தனை நிமிஷத்தில் வரும், உட்கார இடம் இருக்கிறதா என்பது வரை தெரியும். பச்சை காட்டினால் சீட் இருக்கிறது என்று அர்த்தம். சிவப்புக் காட்டினால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்கு நில். உனக்கு வேண்டியது 147. பஸ் வருவதைப் பார்த்ததும் கையை நீட்டு, இங்கே கை காட்டினால்தான் நிற்கும். முன்வாசலில் ஏற வேண்டும், பின்வாசலில் இறங்க வேண்டும். பஸ்ஸின் தளம் தாழ்வாகத்தான் இருக்கும், அதனால் அம்மா காலை உயரத் தூக்கி வைக்க வேண்டியதில்லை. சக்கர நாற்காலி கொண்டுவந்தாலும் கவலை வேண்டாம், ஓட்டுநரே எழுந்து வந்து சாய்வுப் பலகையை விரித்துவிடுவார். ஏறியதும் முன்பக்கத்திலேயே வயதானவர்களுக்கென்று ஒதுக்கிய இருக்கைகள் இருக்கும்.

147 ஏன் என்று கேட்பாய். அது ஹவ்காங் சென்ட்ரல் இன்டர்சேஞ்சில் (பஸ் நிலையம்) போய் முடிகிறது. கடைசி ஸ்டாப் வரை உட்கார்ந்திருந்தால் போதும், எங்கே இறங்குவது என்று ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்துத் தவிக்க வேண்டாம். புது ஊரில் வயதானவர்களோடு போகும்போது கடைசி ஸ்டாப் வரை போகும் வண்டியைப் போல நிம்மதி வேறு கிடையாது. வழியெல்லாம் பார்க்கவும் விஷயம் உண்டு. பெருமாள் கோயிலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே வடபத்திர காளியம்மன் கோயில், அதற்கப்புறம் சீக்கியர்களின் குருத்வாரா. பிறகு காலாங் ஆற்றைக் கடந்து பொத்தோங் பாசிர். அந்தப் பக்கம் புது அடுக்குமாடிகள் எழும்பியிருக்கும் பிடாடாரி ஒரு காலத்தில் பெரிய இடுகாடாக இருந்த இடம். கோவன் வரை கடைத்தெருவாகவே வரும்.

ஹவ்காங்கில் இறங்கியதும் அவசரப்படாதே. இன்டர்சேஞ்சில் டாய்லெட் இருக்கிறது, பக்கத்திலேயே டீ குடிக்கலாம். இந்த ஊர்க் கட்டணத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே இதுதான். 2010 ஜூலையிலிருந்து பஸ், எம்ஆர்டி (பெரிய ரயில்), எல்ஆர்டி (இலகு ரயில்) எதில் மாறி மாறி ஏறினாலும் மொத்த தூரத்துக்குத்தான் காசு. ஒவ்வொரு வண்டிக்கும் முதலிலிருந்து கட்டணம் ஆரம்பிக்காது. ஒன்றிலிருந்து இறங்கி அடுத்ததில் ஏற 45 நிமிஷம் அவகாசம் உண்டு. முதல் வண்டியில் ஏறி இரண்டு மணி நேரத்துக்குள் கடைசி வண்டியைப் பிடித்துவிட வேண்டும், ஐந்து தடவை வரை மாறலாம். அதே எண்ணுள்ள பஸ்ஸில் அடுத்தடுத்து ஏறினால் மட்டும் புதுப் பயணமாகக் கணக்காகிவிடும். அந்த 45 நிமிஷத்தைப் பணத்தை மிச்சம் பிடிக்கும் விதி என்றுதான் இங்கே பலரும் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது முழங்கால் வலிக்காரர்களுக்காகவே எழுதியது மாதிரி இருக்கிறது. உட்காரலாம், மாத்திரை போடலாம், டீ குடிக்கலாம், அப்புறமும் பயணம் அறுபடாமல் தொடரும்.

கார்டு விஷயத்தில் மட்டும் கவனம். ஆளுக்கு ஒரு பயணக் கார்டு. ஏறும்போது கருவியில் எதைத் தட்டினீர்களோ இறங்கும்போதும் அதையேதான் தட்ட வேண்டும். பஸ்ஸில் இறங்கும்போது தட்ட மறந்தால் அந்த பஸ் போகிற கடைசி ஸ்டாப் வரைக்குமான காசு போய்விடும். அம்மா கார்டையும் நீயே வைத்துக்கொண்டு தட்டு. உன் வங்கி விசா கார்டையே தட்டலாம், ஆனால் வெளிநாட்டுக் கார்டுக்குத் தனியாக ஒரு சிறு கட்டணம் பிடிப்பார்கள். அதெல்லாம் வேண்டாம், என்னிடம் உபரியாக இரண்டு கார்டுகள் இருக்கின்றன, விமான நிலையத்திலேயே கொடுத்துவிடுகிறேன். இரண்டுமே பழைய வகை, தட்டியதும் எவ்வளவு போனது, மீதி எவ்வளவு என்று திரையில் காட்டும். 2024 ஜனவரியில் இந்தப் பழைய கார்டு முறையை நிறுத்தப் போகிறோம் என்று அரசாங்கம் அறிவித்தது. புதிய முறையில் மீதியைத் தட்டிய இடத்திலேயே பார்க்க முடியாது, கைபேசியில்தான் பார்க்க வேண்டும். ஊரே முணுமுணுத்தது, வயதானவர்கள் அதிகமாகவே. இரண்டு வாரத்திலேயே முடிவை மாற்றிக்கொண்டு, 4 கோடி வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) செலவழித்துப் பழைய முறையையும் நீட்டித்தார்கள். கையிலிருக்கும் காசு எவ்வளவு என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று ஜனங்கள் கேட்டது முழுக்க நியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். வீட்டுக் கணக்கை நாலணா விடாமல் எழுதி வைக்கும் நம் அம்மாவுக்கும் அது பிடிக்கும். 2021இலிருந்து நம் ஊர் டவுன் பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசு கொடுக்காமல் போய்ப் பழகியவர்கள், இங்கே ஒவ்வொரு தடவையும் காசு போவதைப் பார்த்து முகம் சுளிக்கலாம். முன்கூட்டியே சொல்லி வை.

ஹவ்காங்கிலிருந்து ரயில். மூன்றாவது ஸ்டேஷன்தான் பொங்கோல். நடுவில் புவாங்கோக் வரும். 2003இல் இந்தப் பாதை திறந்தபோது அந்த ஸ்டேஷனைக் கட்டி முடித்தும் திறக்கவில்லை, சுற்றிலும் போதிய வீடுகள் இல்லை என்று காரணம் சொன்னார்கள். 2005இல் ஓர் அமைச்சர் அந்தப் பக்கம் வந்தபோது யாரோ, காசைத் தின்றும் பயன்படாத பொருளுக்கு அடையாளமாக, அட்டையில் வெள்ளை யானைகள் செய்து வழியில் நட்டு வைத்தார்கள். 2006 ஜனவரியில் ஸ்டேஷன் திறந்தது. அதைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அந்த யானைகளின் நினைப்புதான்.

பொங்கோலில் இறங்கியதும் வெளியே வராதே. கார்டு தட்டாமலே லிஃப்டில் மேலே போனால் எல்ஆர்டி பிளாட்பாரம். இதற்காகத்தான் உன்னை இந்தப் பக்கம் வரச் சொல்கிறேன். புக்கிட் பாஞ்சாங் எல்ஆர்டியைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாயே, அது 1999இல் வந்தது, இந்த ஊரின் முதல் இலகு ரயில். வீடுகளை உரசிக்கொண்டு போகும் இடங்களில் ஜன்னல் கண்ணாடி தானாகவே மங்கி, அடுத்தவர் வீட்டுக் கூடம் தெரியாமல் மறைத்துக்கொள்ளும் வண்டிகளை அங்கேதான் விட்டார்கள். பார்க்க வேண்டிய விஷயம்தான். ஆனால் புக்கிட் பாஞ்சாங் ஸ்டேஷனில் ரயிலிலிருந்து எல்ஆர்டிக்கு மாற வெளியே வந்து மறுபடியும் உள்ளே போக வேண்டும். அம்மாவுக்கு அது வேண்டாம். நீயும் நானும் இன்னொரு நாள் போய்க்கொள்ளலாம்.

பொங்கோலில் கிழக்கு வட்டம், மேற்கு வட்டம் என்று இரண்டு உண்டு. நீ ஏற வேண்டியது கிழக்கு வட்டம். பலகையில் பார்த்து ஏறு. வண்டி வட்டமாகச் சுற்றி மறுபடியும் பொங்கோலுக்கே வந்துவிடும், அதனால் வழி தவறவே முடியாது. ஓட்டுநர் கிடையாது. முன்கண்ணாடி ஓரமாக அம்மாவை நிறுத்தாமல் உட்கார வைக்க முடிந்தால், தண்டவாளம் அடுக்குமாடிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து வருவது நேராகத் தெரியும். மூன்றாம் மாடி வீடுகளின் துணிக் கம்பங்களும் தொட்டிச் செடிகளும் கண் மட்டத்திலேயே வந்து போகும். குழந்தைகள் அந்த இடத்துக்கு ஓடி வருவார்கள். ஆனாலும் பாட்டிக்கு இடம் விடுவார்கள்.

அந்த வட்டத்தில் கடலூர் என்றே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. நம் கடலூர்க்காரர்கள் அங்கே நின்று ஒரு போட்டோ எடுக்காமல் போனால் எப்படி? டாமாய், ஓயசிஸ் பக்கமாகப் போகும் வண்டியில் அது மூன்றாவது, கோவ், மெரிடியன் பக்கமாகப் போகும் வண்டியில் ஐந்தாவது. எது முதலில் வருகிறதோ அதில் ஏறிவிடு. பிளாட்பாரத்தில் நிற்பதைவிட வண்டிக்குள் உட்கார்ந்திருப்பது நல்லது. போட்டோ முடிந்ததும் ஒரு ஸ்டேஷன் தள்ளி ஓயசிஸில் இறங்குங்கள், நான் அங்கே காத்திருப்பேன். இறங்கியதுமே கடைகள், சாப்பாட்டுக் கூடம். ஒட்டினாற்போலப் பொங்கோல் நீர்வழி, 4.2 கிலோமீட்டர் நீளத்துக்கு மனிதர்கள் வெட்டிய வாய்க்கால். கரையில் நிழலும் பெஞ்சும் உண்டு. மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு அம்மா கொஞ்சம் படுக்கட்டும்.

சாயங்காலம் பொங்கோல் இன்டர்சேஞ்சிலிருந்து 84ஆம் எண் பஸ். அதன் கடைசி முனை பொங்கோல் பாயிண்ட், இறங்கிச் சில எட்டு வைத்தாலே கடல். எதிரே மலேசியாவின் ஜோகூர் கரை, வலது பக்கம் உபின் தீவு. தேவனாம்பட்டினத்து அலையை இங்கே எதிர்பார்க்கக் கூடாது, தண்ணீர் ஏரி மாதிரிதான் கிடக்கும். 1942 பிப்ரவரியில் ஜப்பானியர்கள் நூற்றுக்கணக்கான சீனர்களைக் கொண்டுவந்து சுட்ட கரையும் அதுதான். நினைவுக்கல் இருக்கிறது. அதை அம்மாவுக்குச் சொல்வதா வேண்டாமா என்பதை நீயே முடிவு செய். கோனித் தீவு அங்கிருந்து பக்கம்தான், ஆனால் உள்ளே மின்சாரம் கிடையாது, நிறைய நடக்க வேண்டும், ஏழு மணிக்கு மூடிவிடுவார்கள். அதுவும் நம் இரண்டு பேருக்கு மட்டும்.

திரும்பிப் போகும்போது மறந்தும் பஸ் வேண்டாம். லிட்டில் இந்தியாவில் சிராங்கூன் சாலை ஒருவழிப் பாதை. காலையில் ஏறிய ஸ்டாப்புக்கு எதிரிலேயே வந்து இறங்கலாம் என்று நினைத்தால் நடக்காது, திரும்பி வரும் பஸ்கள் ஜாலான் புசார் வழியாகப் போய்விடும். அங்கிருந்து ஹோட்டலுக்கு நடக்க வேண்டும், அதுவும் நாள் முழுக்க அலைந்த காலோடு. பொங்கோலில் ரயில் ஏறினால் நேராக ஃபேரர் பார்க். ரயில் அங்கிருந்தே தென்புறம் கிளம்புவதில்லை, பொங்கோல் கோஸ்ட்டிலிருந்து வருகிறது, ஆனாலும் ராத்திரி நேரத்தில் நகரத்துப் பக்கம் போகும் வண்டியில் சீட் கிடைக்கும். நான் உங்களோடு வந்து லிஃப்ட் இருக்கும் வாசல் வரை விட்டுவிட்டுத் திரும்புகிறேன்.

டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல். பொங்கோலுக்கு வருவதைச் செவ்வாய், புதன் மாதிரி வார நாளில் வைத்துக்கொள், சனி ஞாயிறில் கடல் பக்கம் பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைக்கும். அம்மா பின்பக்கம் வார் இருக்கும் செருப்புப் போட்டு வரட்டும். முழங்கால் உறையைப் பெட்டியில் வைத்துவிடாமல் கைப்பையிலேயே வை. குடை ஒன்று, தண்ணீர் பாட்டில் ஒன்று. ரயிலுக்குள் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, அபராதம் 500 வெள்ளி வரை போகும். மாத்திரை வேளையைப் பார்த்து எனக்கு எழுது, ஹவ்காங் டீ நேரத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

என்றும் அன்புடன்,
உன் ஹாஸ்டல் நண்பன்