527 என்பது வரிசை எண் இல்லை

அன்புள்ள சிவா,

நீ அனுப்பிய பழைய ஜெர்மன் துப்பாக்கியின் படங்களை நேற்று ராத்திரி பெரிதாக்கி வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மூட்டுவலி கொஞ்சம் பரவாயில்லை, அதனால் உட்கார முடிந்தது. உன் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் முதலில் இதைச் சொல்லிவிடு: அது க்ரூப் என்ற ஜெர்மன் உருக்குக் கம்பெனி செய்த துப்பாக்கி இல்லை. குழல்மேல் இருக்கிற 'க்ரூப் எஸ்ஸன்', மூன்று வளையம் எல்லாம் உருக்கு எங்கிருந்து வந்தது என்பதை மட்டும்தான் சொல்லும். 'டி.ஆர்.ஜி.எம்.' என்பதும் ஆள் பெயர் இல்லை, ஏதோ ஒரு சின்ன அமைப்பைப் பதிவு செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

உண்மையான சேதி அடியில் இருக்கிறது. குழலுக்கு அடியில் கை பிடிக்கிற முன்கட்டையைக் கழற்றி, குழலைப் பிரித்துத் திருப்பினால் தெரிகிற அந்தப் பொடி முத்திரைகள்தான். கிரீடத்தின் கீழே 'யு' இருந்தால் பரிசோதித்தது, 'எஸ்' என்றால் சன்னம், அதாவது பொடிக் குண்டுகள், சுடும் குழல், 'டபிள்யூ' என்றால் வாய்ப்பக்கம் குறுகிய சோக், 'என்' என்றால் புகையில்லா வெடிமருந்தை வைத்துச் சுட்டுப் பார்த்தது. இந்தக் கிரீட வரிசை 1893-இல் அமலான ஜெர்மன் சோதனைச் சட்டத்தோடு வந்தது, 'என்' மட்டும் பின்னால் சேர்ந்தது, 1940-இல் அடுத்த சட்டம் அமலானதும் கிரீடம் இருந்த இடத்துக்குக் கழுகு வந்தது. பெரியவர் வரிசை எண் என்று நினைத்த 527 இருக்கிறதே, அது 1927 மே மாதம். துப்பாக்கிகளைச் சுட்டுச் சோதிக்கும் சாலையில் குத்திய தேதி! அதைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஊர்ப்பெயரும் காலம் சொல்லும். ஸெல்லா, மேலிஸ் என்று தனித்தனியாக இருந்த ஊர்கள் 1919-இல்தான் ஒன்றாயின, ஆகவே 'ஸெல்லா-மேலிஸ்' என்று சேர்த்துப் பொறித்தது அதற்கு முந்தியதாக இருக்கவே முடியாது. ஸவர் கம்பெனித் துப்பாக்கியில் 'ஸூல்' என்ற ஊர்ப்பெயர் இருந்தால் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போர் முடிவதற்கு முந்தைய காலம் என்று தேடலாம், 'எக்கர்ன்ஃபோர்ட' என்று இருந்தால் 1951-க்குப் பிறகு. பெரியவருடையதில் மேலே இருக்கும் பெயர் விற்ற கடைக்காரருடையதாகவும் இருக்கலாம், ஸூல் பட்டறைகள் கடைகளுக்காக நிறையச் செய்து கொடுத்திருக்கின்றன. அதனால் அதைச் செய்தவர் பெயர் என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம்.

அப்புறம் முக்கியமானது. வட்டத்துக்குள் 16 தெரிகிறது, அது குழலின் அளவான பதினாறு கேஜ். அந்தக் காலத்துப் பதினாறு கேஜில் தோட்டா உட்காரும் அறை பெரும்பாலும் 65 மில்லிமீட்டர்தான். இப்போது கடையில் கிடைக்கும் 70 மில்லிமீட்டர் தோட்டா உள்ளே சுலபமாகப் போய்விடும், ஆனால் சுடும்போது அதன் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். துப்பாக்கி வேலை தெரிந்த ஒருவர் அறையை அளந்து சொல்லும்வரை யாரும் அதைச் சுடவே கூடாது, பேரன் கேட்டாலும் சரி.

குழலின் அடிப்பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து இன்னொரு படம் எடுத்து அனுப்பு. இடது ஓரத்தில் இரண்டு எழுத்து மங்கலாக இருக்கிறது, பட்டறைக்காரரின் முதலெழுத்தாக இருக்குமோ என்று மனசு அடித்துக்கொள்கிறது.

உன்
ரவி